விடை கேட்காமல் போனவர்

லெவுக்கா
8 ஆகஸ்ட் 1994

திரு. இனோக்கே அவர்களுக்கு,

இந்த நில அளவை அலுவலகத்திலிருந்து தாங்கள் விலகியது தொடர்பாக: விடுவிப்புப் படிவத்தில் பன்னிரண்டு கையெழுத்துகளில் பத்து வந்துவிட்டன. பதினொன்றாவது வரைபட அலமாரிச் சாவிக்கானது; அதைத் தாங்கள் ஒப்படைக்கவில்லை. உடனே அனுப்பவும்.

லோசலினி
அலுவலகத் தலைவர்

பி.கு. பத்தொன்பது வருஷத்தில் நீ எதையும் மறந்ததில்லையே. என்ன ஆயிற்று?

*

லம்பாசா
19 ஆகஸ்ட்

அன்புள்ள லோசலினி,

'திரு'வும் 'தாங்களு'மாக எழுதியிருக்கிறாய். ஒரே குடையில் கரும்புத் தோட்டம் அளக்கப் போனவர்கள் நாம்! சாவி இத்துடன். கால்சட்டைப் பையிலேயே கிடந்தது.

இங்கே தொழிற்கல்லூரியில் செப்டம்பர் 19 அன்று வேலையில் சேர வேண்டும். விடுவிப்பு ஆணை இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். இனி உன் கையெழுத்துதான் பாக்கி. சீக்கிரம் போட்டுவிடு. மத்தியானம் நீ கொண்டுவரும் மரவள்ளிக்கிழங்கை நினைத்தால் இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

உன்
இனோக்கே

*

லெவுக்கா
27 ஆகஸ்ட்

அன்புள்ள இனோக்கே,

சாவி வந்தது. கையெழுத்துப் போட உட்கார்ந்தேன், முடியவில்லை.

நம் வழக்கப்படி, பானத்துக்கு இடிக்கும் யங்கோனா வேரைக் கட்டாகத் தலைவர் முன்னால் வைத்து விடை கேட்காமல் இங்கிருந்து யாராவது போனதுண்டா? ஆறே மாதம் இருந்த தட்டச்சுக்காரிகூடக் கேட்டுவிட்டுத்தான் போனாள். நீ மட்டும் விடியற்காலைப் படகில் சொல்லாமல் ஏறிவிட்டாய். பியூன் செமி உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. "கேக்காம போனவன் எப்படிம்மா போனவன் ஆவான்? நாளைக்கே வந்து நிப்பான் பாருங்க" என்கிறார். புது அளவையாளர் முக்காலியில் உட்கார்ந்து வரைகிறார்.

எனக்குக் கோபம்தான். என்னைத் தலைவராக்கியதில் உனக்கு வருத்தமா? வந்து முறையாகக் கேட்டுவிட்டுப் போ, போடுகிறேன்.

லோசலினி

*

லம்பாசா
3 செப்டம்பர்

லோசலினி,

நீ தலைவரானதில் எனக்கென்ன வருத்தம்? அன்றைக்கு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் நான்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், கொரோ தீவில் மழைக்கு ஒதுங்கியபோது, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று உன்னைக் கேட்டேன். "இந்த வயசுலயா? ஊரே சிரிக்கும், மாட்டேம்பா" என்றாய். சரி என்றுதான் இருந்தேன். ஆனால் தினமும் எதிரே உட்கார முடியவில்லை, விலகினேன்.

விடை கேட்டால், தலைவர் என்ற முறையில் நீதானே வேரை ஏற்று, கைதட்டி, 'போய் வா' என்று சொல்ல வேண்டும்? 'மாட்டேன்' என்பதை உன் வாயால் கேட்டாயிற்று. 'போய் வா' என்பதையும் கேட்க எனக்குத் தெம்பில்லை. கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு.

இனோக்கே

*

லெவுக்கா
9 செப்டம்பர்

இனோக்கே,

ஆணை இத்துடன். கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றன. இனி உன்னை இங்கே வரச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனாலும் வா.

அன்றைக்கு ஊரை இழுத்தது பயத்தில். நீ போன பிறகு எந்த ஊரும் வந்து என் எதிரே உட்கார்ந்து பேசவில்லை. உன்னைத் தேடுகிறது எனக்கு.

17ஆம் தேதி சனிக்கிழமை வேர்க்கட்டோடு வா. ஏற்பதும் 'போய் வா' சொல்வதும் செமி. வயதில் மூத்தவர், ஒப்புக்கொண்டார். "அப்ப நீங்க எந்தப் பக்கம்மா உக்காருவீங்க?" என்று கேட்டார்.

விடை கேட்பவனோடு அவன் பாயில் உட்காருவது அவன் வீட்டார்தான் என்பது அவருக்குத் தெரியாதா? "அவன் பக்கத்துல" என்றேன்.

அந்த மனிதர் உடனே தெருவெல்லாம் சொல்லக் கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை.

உன்
லோசலினி