விண்ணப்பத்தின் அடியில் அத்தா எழுதிய வரி

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
6-5-1993

அன்பு மகள் நூர்னிசாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். சென்னை வெயிலையும் விடுதிச் சாம்பாரையும் தாங்கி நீ நலமாக இருக்க துஆச் செய்கிறோம்.

என் கையொப்பத்துக்காக நீ அனுப்பிய டெல்லிச் சட்டக் கல்லூரி விண்ணப்பம் திங்கட்கிழமை கிடைத்தது. ஏன் வழக்கறிஞராக விரும்புகிறாய் என்பதை முன்னூறு சொற்களுக்கு மிகாமல் எழுதக் கேட்டிருக்கிறார்கள். நீ இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு எழுதியிருக்கிறாய். இருமுறை எண்ணினேன். மீதி இரண்டையும் மேல்முறையீட்டுக்கு வைத்திருக்கிறாய் போலும். “என் தந்தையின் மேசைக்கு முன்னால், தங்களால் வாசிக்க முடியாத தாளில் பெருவிரல் வைத்துச் செல்பவர்களைப் பார்த்து வளர்ந்தேன்” என்று அதில் ஒரு வாக்கியம். முழுப் பத்திரத்தையும் வாய்விட்டு வாசித்துக் காட்டிய பின்னரே நான் மைப்பெட்டியைத் திறக்கிறேன் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டாய். காதில் விழுவதும் விளங்குவதும் ஒன்றா அத்தா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான், ஆகையால் அந்த வாக்கியத்தில் நான் கை வைக்கவில்லை.

கை வைத்தது வேறிடத்தில். பெற்றோர் கையொப்பம் கடைசிப் பக்கத்தில் மட்டும் போதுமானது. இருபத்தாறு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதும் கை அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் “இத்தாளில் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை” என்று எழுதி ஒப்பமிட்டேன். முடிவில் “எழுதியவர்: கா. பீர் முகமது, பத்திர எழுத்தர்” என்று உரிம எண்ணையும் இட்டு முத்திரையும் பதித்தேன். மறுநாள் வக்கீல் ஆவுடையப்பனிடம் பெருமையாகக் காட்டியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. “பாய், பிள்ளை தன் கைப்பட எழுதணும்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கான். நீங்க என்னடான்னா எழுதுனது நான்தான்னு லைசென்ஸ் நம்பரோட ஒத்துக்கிட்டு வந்திருக்கீக. தள்ளுபடி பண்ண அவிய மெனக்கெடவே வேணாம்” என்று சொல்லிவிட்டுச் செத்த நேரம் சிரித்தார். டெல்லிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. முத்திரை ஆங்கிலத்தில் இருக்கிறது. விதிகள் அடங்கிய முதல் பக்கத்தை வாசிக்காமலே நான் ஒப்பமிட்டேன் என்பதே உண்மை. உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை நீ எழுதியிருந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

உன் அம்மா விடுவாளா? “ஊருக்கெல்லாம் சட்டம் பேசுற மனுசன், மக பாரத்துல போயி இப்படிக் கிறுக்கி வச்சிருக்கீகளே, அம்புட்டு என்ன அவசரம்?” என்று இரண்டு நாட்களாக விசாரணை நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. தேநீர் மட்டும் சர்க்கரை இல்லாமல் வருகிறது. உனக்கும் ஒரு வரி எழுதச் சொன்னாள்: “ஏட்டி நூரு, டெல்லியில எம்புட்டுக் குளிருமோ, ஒரு போர்வை இப்பவே வாங்கிக்கோ.” இடம் கிடைக்குமா என்ற கவலை அவளுக்கு இல்லை, எனக்குத்தான் இருக்கிறது.

கடைசி நாள் இம்மாதம் இருபது. புதிய படிவம் வரவழைக்கக் காலம் போதாது. சுரண்டி அழிப்பது மோசடி. அதை நம் வீட்டில் யாரும் செய்ய மாட்டோம். ஆவுடையப்பனே ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தருவார் என்று எதிர்பார்த்தேன். “நீங்க சாட்சி மட்டும் சொல்லுங்க பாய். வக்கீலுக்குப் படிக்கப் போறது அவ, வாதத்தை அவ எழுதட்டும்” என்று மறுத்துவிட்டார். ஆகவே, அடிவரிகள் மட்டுமே என்னுடையவை, ஏனைய யாவும் உன் கைப்பட எழுதியவை என்று அவர் முன்னிலையில் நான் ஒப்பமிட்ட உறுதிமொழியை விண்ணப்பத்தோடு இணைத்துள்ளேன். ஒப்பமிடுமுன் இதை மூன்று முறை வாசித்தேன். உன் விளக்கத்தையும் சேர்த்துப் பன்னிரண்டாம் தேதிக்குள் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. ரசீதைத் தொலைக்காதே.

உன் முயற்சியை அல்லாஹ் நிறைவேற்றித் தருவானாக. உன் நாவுக்கு நேர்மையும் நெஞ்சுக்குத் துணிவும் தருவானாக. ஒன்றை மட்டும் மறவாதே. விளக்கம் எழுதும்போது அத்தாவைக் காப்பாற்ற முயலாதே. என் தந்தை விதிகளை வாசிக்காமல் எழுதிவிட்டார் என்று நேராகவே எழுது. எழுதியதைச் சரிபார்க்க எனக்கு அனுப்பவும் வேண்டாம். அதற்கு நாளும் இல்லை, இவ்விஷயத்தில் எனக்குத் தகுதியும் இல்லை.

உன் நலம் நாடும் அத்தா,
கா. பீர் முகமது