அப்பா படுக்கையில் இல்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூவரும் நலம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மூவரும் என்றதில் அப்பாவும் உண்டு, அதை மட்டும் இன்னொரு முறை படித்துக்கொள். அன்று போனில் நீ பேசியதற்கெல்லாம் நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன், ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. பேச்சில் நீ என்னை முந்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், நீ என்னை முழுதாகச் சொல்லவே விடவில்லை. தொழில்நுட்பமோ வணிக நிர்வாகமோ படிக்கப் போகிற பள்ளிக் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு அந்த அறக்கட்டளை தரும் உதவித்தொகைக்கு, ஏழு வருடம் முன்பு நீ வாங்கிய அதே உதவித்தொகைக்கு, உன் தங்கையும் விண்ணப்பம் எழுதினாள். வாழ்க்கையில் சந்தித்த தடைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது இப்போதும் இருக்கிறது. பெரிய தடை ஒன்றும் எனக்கு இல்லை என்று தொடங்கி, பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் வரிசை ஏன் நகர்வதில்லை என்று மூன்று வாரம் நின்று பார்த்ததையும், டோக்கன் தரும் ஜன்னலையும் தட்டு தரும் ஜன்னலையும் பிரிக்கவைத்து, மணியடிப்பதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்படி செய்ததையும் எழுதியிருந்தாள். எனக்குப் பிடித்திருந்தது, அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, நானே கொடுத்துவிடுகிறேன் என்று அப்பா உறையை வாங்கிக்கொண்டு போனார். அலுவலகம் ஆறாவது மாடி. அன்றைக்கென்று லிஃப்ட் ஓடவில்லை, லிஃப்ட் மெக்கானிக்கான உன் அப்பாவே பையில் ஸ்பேனரோடு படியேறிப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்த அம்மாள் குடும்ப விவரத்தைப் பார்த்துப் பழைய கோப்பை எடுத்து, நீங்கள் பிள்ளைகளுக்குச் சித்தப்பாவா என்று கேட்டாராம். அப்பா என்றதும், அவர் முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருப்பதாக அல்லவா இதில் இருக்கிறது என்று கோப்பைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். நீ எழுதிய பக்கம். தினமும் காலையில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன் என்று வருமே, அதை அப்பா நின்றுகொண்டே படித்தாராம். "ஏழு வருஷமா படுத்திருக்கேன், எனக்கு யாரும் சொல்லவே இல்லையேம்மா" என்று சொன்னதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டாராம். இவர் சிரித்தாரா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒன்றுதான் கேட்டார், "உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன்.

உன் தங்கையின் பள்ளியில் போய்ச் சொன்னேன், வழிகாட்டி ஆசிரியர் பதறவே இல்லை. விபத்து நடந்தது, இப்போது தேறிவிட்டார் என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் வைத்தால் தீர்ந்தது, ஊரெல்லாம் செய்வதுதான் என்றார். நீயும் அதையே சொன்னாய். அதோடு, வரிசையைப் பற்றி எழுதினால் எவன் கண் கலங்குவான் என்றும் கேட்டாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. உண்மை வெளியே வந்தால் உன் வேலையிடத்தில் உன்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் அப்பாவை மறுபடி படுக்கவைத்து, பிறகு எழுப்பிவிட்டு, அதற்கு ஒரு டாக்டரிடம் முத்திரை வாங்க என்னால் ஆகாது. திங்கட்கிழமை நானே ஆறு மாடி ஏறிப் போய்க் கடிதம் கொடுத்துவிட்டேன். பழைய பக்கத்தில் இருப்பது பொய், பதினேழு வயதுப் பையன் எழுதினான், நாற்பதைத் தாண்டிய நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், அவன் மதிப்பெண்கள் மட்டும் நிஜம் என்று எழுதினேன். கணினி படிக்க ஆசைப்படுகிற பிள்ளை தன் வீட்டில் ஒருவரை நோயாளி ஆக்கினால்தான் உங்களுக்குக் காது கேட்குமா, அடுத்த வருடமாவது அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றும் சேர்த்தேன். கேட்கிற இடத்தில் இருந்துகொண்டு இவ்வளவு திமிரா என்பாய். ஆமாம். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக யார் கெஞ்சினாலும் மிரட்டினாலும் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றிக் கொடுத்ததில்லை. வீட்டில் ஒரே ஒரு முறை கொடுத்தேன். உன் பக்கத்தில் 'எழுந்து நடக்க முடியாது' என்று இருந்ததை 'புரண்டு படுக்கவும் முடியாது' என்று ஆக்கிக் கொடுத்தது நான்தான், உனக்கு நினைவிருக்கும்.

உன் தங்கையின் விண்ணப்பத்தைக் குழுவின் முன் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், முடிவு தெரிய இரண்டு மாதமாகும், உன் விஷயத்தையும் அப்போதுதான் பேசுவார்களாம். அவளிடம், கிடைக்காமல் போனால் என் மேல்தான் தப்பு என்றேன். "கொடுக்காட்டி போகட்டும்மா. ஆனா அந்த வரிசையை முழுசா படிச்சிட்டுக் கொடுக்காம இருக்கட்டும்" என்றாள். வேறு இரண்டு இடங்களுக்கும் அதே பக்கத்தை ஓர் எழுத்து மாற்றாமல் அனுப்பியிருக்கிறாள். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். கண் டாக்டரிடம் போகச் சொன்னேன், போனாயா என்று தெரியவில்லை, தலைவலிக்கு மாத்திரை போட்டே காலத்தை ஓட்டாதே.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அப்பா கூடத்து சோபாவில் முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு படுப்பாரே, மூன்று வாரமாகப் படுப்பதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இல்லாவிட்டால் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுகிறார், இனி எண்ணெய் விடக் கீல் பாக்கி இல்லை. கொஞ்சம் படுங்களேன் என்றால் தூக்கம் வரவில்லை என்கிறார். நான் சொல்லி அவர் படுக்கமாட்டார்.

நல்லபடியாக இரு, உன் உழைப்பு வீண் போகாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிறு மதியம் மறக்காமல் கூப்பிடு, என்னை அல்ல, அப்பாவை. என்ன சொல்வது என்று என்னிடம் கேட்காதே. இந்த முறை நான் திருத்தித் தரமாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா