வெட்டிய தண்டுகள்

குட்டிக்கு,

அப்பாவை மறுபடி வீட்டோடு சேர்த்துக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை.

நம்மை விட்டுப் போய் இத்தனை வருடம் கழித்து வந்தவர், மாடி அறையில் தங்கியிருக்கிறார். வாசலோரம் நான் வளர்க்கும், வாள்போல் இலை நீண்ட ஐரிஸ் இனப் பூச்செடிகள் உனக்கு நினைவிருக்கும். எந்த வெயிலிலும் பச்சை மாறாது, தண்ணீரும் கேட்காது. அவற்றுக்கு இவர் காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டார். "பாவம், காஞ்சு கெடக்கு" என்றார். எதுவும் காயவில்லை. இப்போது தூர் அழுகிவிட்டது. இலையை இழுத்தால் கையோடு வருகிறது, சாக்கடை நாற்றம். சோப்புப் போட்டும் போகவில்லை.

நேற்று அதைவிட மோசம். பூ உதிர்ந்த தண்டுகளையெல்லாம் ஒட்ட வெட்டிக் குவித்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

"அதே தண்டுலதாங்க மறுபடி மறுபடி பூக்கும்."

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"சரி விடும்மா, செடிதானே. வேற வாங்கிக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதுவரை எழுதியதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. இன்று காலையில், "நான் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று அவரே கேட்டார். "போங்க" என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது. அவர் பெட்டியோடு இறங்கி வந்தபோது நான் அழுகிய தூர்களைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

"நான் ஏதாவது செய்யட்டுமா?"

"செஞ்ச வரைக்கும் போதும்."

போய்விட்டார்.

அம்மா