போதும் என்றால்

மார்ச் 4

அன்புள்ள மாவுக்காரருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். நானும் வயிற்றில் இருப்பதும் நலம். அது உங்களைப் போலவே நினைத்த நேரத்தில் புரண்டு படுக்கிறது.

பிரசவ அறையில் என்னோடு ஒருவர் இருக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். வலி வரும்போது முதுகெலும்பு முடிகிற இடத்தில் அழுத்திப் பிடித்துவிட்டால் வேதனை குறையுமாம். அக்கா தானே வருவதாகச் சொல்லி, நேற்று பிடித்தும் பார்த்தாள். கூச்சம்தான் வந்தது. சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிவிட்டது.

பத்து வருடமாக மாவு பிசையும் கை ஒன்று எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. மாதக் கடைசியில் வர முடியுமா? இதற்கு மேல் அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் டீச்சர்
('உங்கள்' பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.)

மார்ச் 9

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதத்தை அடுப்புப் பக்கத்தில் நின்று படித்ததில் ஒரு தட்டு பன் கருகிவிட்டது. முதலாளி திட்டினார். விஷயம் தெரிந்ததும், நான் அழுத்திப் பழக அவரே முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்போது தினமும் நாலு மணிக்கு ஸ்டூலோடு வந்துவிடுகிறார், என்னவோ அவருக்குத்தான் பிரசவம் என்பது போல.

கடைக்கு வரும் மருத்துவச்சி அம்மாவிடம் முறையாகக் கேட்டுக்கொண்டேன். விரல் கூடாது, உள்ளங்கையின் அடிப்பாகம்தான். வலி ஏறும்போது அழுத்த வேண்டும், இறங்கும்போது மெல்ல விட வேண்டும். இன்னொன்றும் சொன்னார். சில பெண்கள் வலியில் போதும் போதும் என்பார்களாம், கையை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கோபிப்பார்களாம். முன்பே பேசி வைத்துக்கொள் என்றார்.

அங்கேதான் எனக்கு உதைக்கிறது. இந்த வெளியூர் வேலைக்காகச் சண்டை போட்ட அன்று நீ வாசலில் நின்று 'போதும்' என்றாய். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாலு மாதமாக அந்த ஒரு வார்த்தைதான் மனதில் ஓடுகிறது. நீ போதும் என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? அது தெரியாமல் உன் பக்கத்தில் வந்து நிற்கத் தைரியம் இல்லை.

மாவுக்காரன்

மார்ச் 14

என் மக்குக்கு,

அன்று நான் போதும் என்றது சண்டையை. உங்களை இல்லை. அடுத்த தெருவரை போய்விட்டுத் திரும்புவீர்கள் என்று காபி போட்டு மூடி வைத்திருந்தேன்.

நமக்கு வேறு வார்த்தை வைத்துக்கொள்வோம். கல்யாணமான புதிதில் உப்பே போடாமல் ரொட்டி சுட்டு, நன்றாக இருக்கிறது என்று என்னைச் சொல்ல வைத்தீர்களே, அந்த உப்பு. நான் 'உப்பு' என்றால் கையை எடுங்கள். வேறு என்ன கத்தினாலும் எடுக்காதீர்கள்.

நகத்தை வெட்டிக்கொண்டு சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் டீச்சர்
(இது பழக்கதோஷம் இல்லை.)

ஏப்ரல் 5

அன்புள்ள டீச்சருக்கும் குட்டிக்கும்,

பத்திரமாகக் கடைக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருக்கின்றன. கேட்கிறவர்களிடமெல்லாம் மகள் பிறந்திருக்கிறாள் என்று காட்டிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. எண்ணிலடங்காத தடவை போதும் என்றாய், நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் 'உப்பு' என்றாய். உடனே எடுத்துவிட்டு, கதவோரமாகப் போய் நின்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: "கையைத்தானே எடுக்கச் சொன்னேன். உங்களை யாரு போகச் சொன்னா?"

நர்ஸ் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டேன், முதுகைத் தடவிக்கொண்டே சம்மதித்தார். நம் ஊர்ப் பழைய கடையில் இடம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அதே பையோடு வருகிறேன். காபி போட்டு வை, மூட வேண்டாம்.

உன் மக்கு