கழுவிய போத்தல்

12.3.2007, திங்கள்
ஈரப்பனி. அம்மருட் நிலையத்தில் ரயில் பத்து நிமிடம் தாமதம். இந்த நாட்டின் வடகோடியிலிருந்து, கலைமான் மேய்க்கும் சாமிப் பழங்குடி இளைஞர் நால்வர் வந்துவிட்டார்கள். இரண்டு கிழமைப் பயிற்சி. பிறகு தங்கள் ஊர்க் குடிநீரைத் தாங்களே பார்க்க வேண்டும். பழக்குவது நான். நீர்ச் சோதனைக்கூடத்தில் பதினொரு வருடம், இப்போதுதான் ‘ஆசிரியர்’. சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

இங்கா, இருபத்திரண்டு வயது, கெட்டிக்காரி. இடைவேளையில் தன் மரக்கோப்பையில் குடித்துவிட்டு அதையே என்னிடம் நீட்டினாள். “குடிச்சுப் பாருங்கோ, எங்கட ஆத்துத் தண்ணி.”
“இப்பதான் குடிச்சனான்” என்றேன். பொய். எச்சில் கோப்பை. அவளுக்கு விளங்கியிருக்கும்.

13, செவ்வாய்
பழைய கட்டடத்துக் குழாயில் மாதிரி எடுத்தோம். முதலில் என் போத்தல், பிறகு இங்காவினது. போத்தலுக்குள் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். குளோரினை முறிக்க. அது இல்லாவிட்டால் கிருமி வழியிலேயே செத்து, கெட்ட தண்ணீரும் நல்லதாகத் தெரியும். மூன்று தரம் சொல்லிக்கொடுத்தேன்.
வாங்க: பால், கறிவேப்பிலை, மகனுக்குக் கையுறை.

15, வியாழன்
வெயில். முடிவு வந்தது. என் போத்தல் சுத்தம், இங்காவினதில் கிருமி. எல்லோர் முன்னும் சொன்னேன்: “முதல்ல கையைக் கழுவப் பழகவேணும்.” ஏதோ சொல்ல வாய் திறந்தாள். விடவில்லை.
அவளுடைய ஊர்க் கொம்யூனுக்கு, அதாவது ஊர்ச்சபைக்கு, அறிக்கை தொலைநகலில் போனது: ‘சுத்தப் பழக்கம் போதாது.’ தண்ணீர் வேலையை அவளுக்குக் கொடுப்பதா என்பது இதில்தான். அந்தக் கோப்பையை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். இங்கே சொல்லலாம், ஒருவரும் பார்ப்பதில்லை.

16, வெள்ளி
இரவுச் சாப்பாட்டில் மனைவி ரதிக்குக் கதை சொன்னேன். மனுசி சிரிக்கிறா. “உங்கட கை சும்மா இருந்திருக்குமா? கடையில வாங்கின புதுப் போத்தலையும் கழுவாம நிரப்ப மாட்டீங்களே!”
ஓம், அலசினேன். ஒரு அலசு, ஊற்று, பிறகு நிரப்பு. செம்பை அலசாமல் தண்ணீர் அள்ளினால் அம்மா அடிப்பா. தூள் முழுக்கத் தொட்டிக்குள். பிழை என் போத்தலில். இங்கா பக்கத்தில்தான் நின்றாள்.

17, சனி
கொம்யூன் அலுவலகம் பூட்டு, பிழையை இன்று சொல்ல முடியாது. பூட்டு என்று சந்தோஷப்பட்டேன், வெட்கங்கெட்டவன். மட்டக்களப்பில் தேன் கொண்டுவரும் வேடருக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் சிரட்டையில்தான். ஊற்றிக் கொடுத்தவன் நான். இத்தனை வருடம் அது ஞாபகத்துக்கு வந்ததே இல்லை.

19, திங்கள்
மழை. அதே குழாய், புதுப் போத்தல், அலசாமல். இங்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.
“நான் அலசினதைக் கண்டனீங்களா?”
“ஓம்.”
“ஏன் சொல்லேல்ல?”
“சொல்ல வந்தனான். கையைக் கழுவச் சொன்னீங்கள்.”
கொம்யூனுக்கு எழுதினேன்: பிழை என்னுடையது, அவளுடைய மாதிரியே சரி. தொலைபேசியும் எடுத்தேன். அங்கே ஒரு பெண்: “வெள்ளிக்கிழமையே வேற ஆளைப் பிடிச்சிட்டம்.” மன்னிப்பு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தொலைபேசியில் இருந்த அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

20, செவ்வாய்
முடிவு: கிருமி. குழாயை மூடியாயிற்று. நால்வர் முன்னும் நடந்ததைச் சொன்னேன், வேலை போனதையும்.
இடைவேளையில் இங்கா தன் மரக்கோப்பையை எடுத்துக் குடித்தாள். “எனக்கும் கொஞ்சம் தருவீங்களா?” என்று கேட்டேன்.
எழுந்து போனாள். சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவி, துடைத்து, நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினாள்.
“கழுவியாச்சு” என்றாள்.