பத்துக்குக் கிளம்பி இரண்டுக்கு

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, தையல் மெஷின் மூவரும் இங்கே சௌக்கியம். மூவரில் எண்ணெய் போடாமலே ஓடுவது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் ஆளும் நலந்தானே?

டிக்கெட் வந்துவிட்டது. உன் பிரசவத்துக்கு அம்மா வருவாளா மாட்டாளா என்று நீ அழுதது எனக்குத் தெரியும். சித்தி வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறவள், வானத்தில் எங்கே உட்காருவாள் என்று நானும் கையைப் பிசைந்துகொண்டுதான் இருந்தேன். கடைச் சுவரில் இருக்கும் உலகப் படத்தில் டேப் வைத்து அளந்தும் பார்த்தேன். பதினோரு அங்குலம், ஒரு முழுக்கைச் சட்டையின் கையில் பாதிகூட இல்லை. இந்த ஆறுதல் அவளிடம் எடுபடவில்லை. ஆனால் டிக்கெட்டைப் பார்த்தாள் பார், முகமே மலர்ந்துவிட்டது. காலை பத்துக்கு இங்கே கிளம்பி அதே நாள் மதியம் இரண்டுக்கு அங்கே இறங்குவதாக அதில் போட்டிருக்கிறது. "நாலே மணி நேரமா! இதுக்கா இவ்வளவு பயந்தேன்?" என்று பெட்டியை இறக்கிவிட்டாள். எதிர்க் கடை இஸ்திரிக்காரரிடம் போய், "நாலு மணி நேரத் தூரத்துல இருந்துக்கிட்டு மூணு வருஷமா எட்டிப் பார்க்கலை என் மக" என்று உன் மானத்தையும் வாங்கினாள். நான் வாயைத் தைத்துக்கொண்டேன். தப்பாக வெட்டிய துணியைப் பற்றி ட்ரையல் அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது என் தொழில் தர்மம். விமானக் கதவைச் சாத்திய பிறகு சொல்வதாக இருந்தேன்.

டிக்கெட் போட்டுத் தந்தவர் நேற்று பேன்ட் அளவு கொடுக்க வந்து எல்லாவற்றையும் கெடுத்தார். "அக்கா, பதினஞ்சு மணி நேரம், அப்பப்ப எந்திரிச்சு நடங்க" என்றார். நான் அவர் இடுப்பை அளப்பதுபோல் குனிந்தவன் நிமிரவே இல்லை. "என்ன மாஸ்டர், அக்காகிட்டச் சொல்லலையா?" என்று வேறு கேட்டார், மகானுபாவர். நம்ம கடிகாரம் வேறே, அங்கே ஓடுகிற கடிகாரம் வேறே என்று அவளுக்கு விளக்கியும் வைத்தார். உன் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். போச்சு, பெட்டி பரணுக்குத் திரும்புகிறது என்று நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு பழைய தலையணையோடு வந்து மெஷின் மேல் போட்டாள். "இதை என் இடுப்புக்கு அளவா வெட்டித் தைங்க. அவளைப் பெத்தெடுக்க ஒரு நாள் முழுக்க வலியில கிடந்தேன், அவகிட்டப் போய்ச் சேர பதினஞ்சு மணி நேரம் உட்கார மாட்டேனா?" என்றாள். தலையணையைப் பிரித்ததில் என் கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. கனமாக எதையும் தூக்காதே. நாங்கள் இறங்குவதற்குள் அவசரப்பட வேண்டாம் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லிவை. நீ விமான நிலையத்துக்கு வராதே, மாப்பிள்ளை வந்தால் போதும். தாயும் சேயும் நல்லபடியாக வேறாகி நீண்ட நாள் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தலையணை உறையில் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருக்கும்
உன் அப்பா