வலிக்கிற அன்றைக்கே வாருங்கள்

எனக்கு முன்னால் பிறந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முன்னாலேயே போய்விட்ட என் கண்ணான அக்காவுக்கு,

இங்கு யாவரும் க்ஷேமம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று அப்பா நமக்குச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக் கூரை இடிந்து விழுந்திருந்தாலும் முதல் வரி அதுதான். நீ லால்குடியிலிருந்து எனக்குப் போட்ட கார்டுகளில் எல்லாம் க்ஷேமம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து உனக்குப் போட்டவற்றிலும் க்ஷேமம். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபடியே தபாலாபீசுக்குத் தண்டம் அழுதிருக்கிறோம்.

அதனால் இந்தக் கடிதத்தில் அந்த வரி கிடையாது. இதை நான் ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். பெண்கள் பக்கம் என்று ஒன்று போடுகிறார்கள். வடாம் பிழிவதற்கும் ஸ்வெட்டர் பின்னுவதற்கும் அதில் இடம் இருக்கிறது. பெண்ணின் அடிவயிற்றுக்கு இடம் இருக்குமா, தெரியவில்லை. போடாவிட்டால் போகட்டும், நீயாவது படித்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன. நீ போய் வருஷம் திரும்பி, உன் வருஷாப்திகம் ஆன கையோடு அத்திம்பேர் மறுபடி மாப்பிள்ளையாகிவிட்டார். வந்திருப்பவள் நல்ல பெண்தான். திட்டித் தீர்க்க வேண்டும் என்று ஆசையாகப் போனேன், ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உன் அலமு இப்போது என்னோடு இருக்கிறாள். பதினாறு வயது. உன்னைப் போலவே கோபம் வந்தால் பேசாமல் பாத்திரத்தை நங்கென்று வைக்கிறாள்.

இனி வயிற்றுக்கு வருகிறேன். நமக்கு வந்த வலியை நாம் இரண்டு பேரும் ஒரு தடவைதான் பேசியிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? காவேரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தபோது நீதான் சொன்னாய். "உள்ள இதே மாதிரி முறுக்கறதுடி." எனக்கும் அப்படித்தான் என்றேன். இருவரும் சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் அக்கா?

மாதாமாதம் தூரமான நாட்களில் அந்த முறுக்கல். மற்ற நாட்களில் இடுப்பெலும்புக்கு உள்ளே ஒரு கனம். வெகுநேரம் உட்கார்ந்தால் குத்தும், வெளிக்குப் போனால் உயிர் போகும். அவர் பக்கத்தில் படுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்திருப்பேன். அவருக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அவருக்கும் கொஞ்சம் சிரமம் இருந்திருக்கும்.

வைத்தியம் பார்க்கவில்லை என்று யாரும் நம் வீட்டைக் குற்றம் சொல்ல முடியாது. முதலில் திருவானைக்காவல் வைத்தியர். அவர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு என் மாமியாரைத்தான் கேட்டார்.

"பசி உண்டோ?"

"நன்னாப் பசிக்கறது. தூக்கம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"உஷ்ணம்" என்றார் வைத்தியர். லேகியம் வந்தது. அடுத்ததாகத் தெப்பக்குளம் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் டாக்டர். அவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார், வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார். டாக்டர், ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகப் போய்விடும் என்று சொல்லிச் சிவப்பு மருந்து கொடுத்தார். எனக்குப் பிறக்கவே இல்லை. உனக்குத்தான் அலமு பிறந்தாளே, உனக்கு என்ன சொன்னார்கள்? பிரசவத்தில் பட்ட குளிர்ச்சி என்றார்கள். பெறாதவளுக்குப் பெறாததால் வலி, பெற்றவளுக்குப் பெற்றதால் வலி. இந்தச் சாஸ்திரத்தை எங்கே படிக்கிறார்களோ!

கடைசியில் கோட்டைப் பக்கம் புதிதாக வந்த லேடி டாக்டரிடம் போனோம். மாமியாரும் கூட வந்தார். டாக்டர் மற்ற இருவரையும் போல இல்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். வயிற்றை அங்கங்கே அமுக்கி, "இங்க வலிக்குதா? இங்க?" என்றாள். அன்றைக்கு லேசாகத்தான் இருந்தது. அப்படித்தான் சொன்னேன்.

"எப்ப அதிகமா வலிக்கும்?"

சொன்னேன்.

"அப்ப அன்னிக்கே வாங்கம்மா. வலி அடங்கின பிறகு வந்தா நான் என்னத்தைப் பார்க்கிறது?"

திரும்பி வரும்போது ஜட்கா வண்டி காவேரிப் பாலம் ஏறுகிற வரையில் மாமியார் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார். "தூரமா இருக்கச்சே வண்டி ஏறுவாளா ஒருத்தி? இந்தத் தீட்டோட காவேரியைத் தாண்டுவாளா? அவளுக்கென்ன, மடியா ஆசாரமா? சொல்லிட்டா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது அக்கா. தூரமானால் கொல்லை அறை. மூன்று நாள் நம்மை யாரும் தொட மாட்டார்கள். சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். நாம் சுருண்டு கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும், வேலைவெட்டி இல்லாமல் படுத்திருக்கிறாள், கொடுத்து வைத்தவள் என்பார்கள். நான்காம் நாள் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து உள்ளே வந்த பிறகு, நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் கழித்து, வைத்தியரிடம் அழைத்துப் போவார்கள். இத்தனை வருஷமும் நோய் இல்லாத நாளாகப் பார்த்துப் பொறுக்கி நோயைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்! வைத்தியர்கள் உஷ்ணம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

இதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தந்தி வந்துவிட்டது.

அந்த நாளைப் பற்றி அலமு எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். நீ தூரமாகிக் கொல்லை அறைக்குள் கிடந்தாய், வெளியே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. முதல் நாள் உன் முனகல் கேட்டதாம். மறுநாள் சத்தம் இல்லை. வைத்த சாதம் வைத்தபடி இருந்தது. "அம்மா கூப்பிட்டாப் பேசமாட்டேங்கறா பாட்டி" என்று அலமு சொல்லியிருக்கிறாள். "ரோஷம் பண்ணிண்டு படுத்திருக்கா, விடு" என்றாராம் உன் மாமியார். சாயங்காலம்தான் அத்திம்பேருக்குச் சந்தேகம் வந்து டாக்டரை அழைத்து வந்திருக்கிறார். டாக்டரும் நம்மவர். உன்னைத் தொட்டால் மறுபடி குளிக்க வேண்டுமே. வாசற்படியிலேயே நின்று, "ஜுரம் இருக்கா?" என்று கேட்டாராம்.

"தெரியலையே. யாரும் தொட்டுப் பார்க்கலையே" என்றாராம் உன் அகத்துக்காரர்.

அதன் பிறகு டாக்டர் உள்ளே வந்து தொட்டிருக்கிறார். வயிறு பலகை மாதிரி இருந்ததாம். திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். வண்டி பேசப் போனவன் திரும்பி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நான் வந்து சேர்ந்தபோது கொல்லையில் உன்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தீட்டோடு செத்தவளுக்கு அப்படித்தான் செய்ய வேண்டுமாம், சாஸ்திரிகள் பக்கத்தில் நின்று மந்திரம் சொன்னார். ஓடி ஓடி இறைத்தார்கள். உயிரோடு இருந்த உன் நெற்றியில் ஒரு கை வைக்க ஆள் இல்லை. செத்த பிறகு எத்தனை கை!

நான் அன்று அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

போன தை மாதம் எனக்குத் தூரமான அன்று காலையில் வலி தாங்க முடியாமல் போயிற்று. வீட்டுக்காரர் தாலுகா கச்சேரிக்கு வேலைக்குப் போகக் குடையை எடுத்துக்கொண்டிருந்தார். கொல்லை அறைக்குள் இருந்தபடியே கூப்பிட்டேன்.

"ஏன்னா, டாக்டர் வரச் சொன்ன நாள் இதுதான். நான் போறேன்."

"அம்மா என்ன சொல்லுவாளோ..."

"நீங்க என்ன சொல்றேள்?"

குடையை விரித்துப் பார்த்தார். மடக்கினார். "எனக்கு நாழியாயிடுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த மட்டும் புண்ணியம். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய்த் தெருமுனையில் ஜட்கா ஏறினேன். காவேரியைத் தாண்டினேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டாக்டர் வயிற்றில் கை வைத்த உடனே நான் கத்திவிட்டேன். அதுவரை அப்படி வாய்விட்டுக் கத்தியதே இல்லை. உள்ளேயும் பார்த்துச் சோதித்தாள். கை கழுவிக்கொண்டு வந்து, "இதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எப்படிம்மா நடமாடினீங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு நான் அழுத அழுகை, உனக்கு அழாததையும் சேர்த்து அழுதது.

கர்ப்பப்பைக்குப் பின்னால் கட்டி மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறதாம். மாதா மாதம் உள்ளேயே இரத்தம் கசிந்து, வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே தங்கிப்போகிறது என்று சந்தேகப்படுகிறாள். அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. ஆபரேஷன் செய்து திறந்து பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். உன்னைப் பற்றியும் சொன்னேன். "அக்காவுக்கும் இதுதானா டாக்டர்?" என்றேன்.

"இருந்திருக்கலாம். பார்க்காம நான் சொல்ல மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் நமக்குக் கிடைத்த ஒரே யோக்கியமான வைத்தியப் பேச்சு அதுதான். ஆனால் உன்னை இனி யார் பார்ப்பது அக்கா? எனக்குச் சந்தேகமாகவாவது ஒரு பெயர் கிடைத்தது. உனக்கு 'ரோஷம்' என்ற பெயர்தான் மிச்சம்.

ஆபரேஷனுக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பங்குனி வந்துவிட்டது, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மாமியார் என் கையால் குடிக்கத் தீர்த்தம் வாங்குவதை நிறுத்திவிட்டார். அதனால் எனக்கு வேலை குறைந்ததே தவிர வேறு நஷ்டம் இல்லை.

இன்று இதை எழுதுவதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக அலமு கொல்லை அறையிலிருந்து வெளுத்துப்போய் வருகிறாள். கேட்டால், "ஒண்ணுமில்லை சித்தி" என்பாள். நம் க்ஷேமத்தை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! இன்று அவளுக்கு முதல் நாள். காலையில் சுவரைப் பார்த்துப் படுத்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனேன்.

"சித்தி, கிட்ட வராதீங்கோ. தீட்டு."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றில் கையை வைத்தேன். அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அழுதாள்.

ஜட்காவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். மாமியார் கூடத்தில் நின்றுகொண்டு, "அவளையும் அழைச்சுண்டு இந்தப் படியைத் தாண்டினா, திரும்பி வரப்படாது" என்றார். நான் சரி என்றேன். எங்கே திரும்பி வருவதென்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. உன் பெண் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறேன் என்ற முகத்தோடு எந்த டாக்டர் முன்னாலும் போய் நிற்க மாட்டாள். வலிக்கும்போதே போவாள். கத்த வேண்டுமானால் கத்துவாள். அவளுக்காக யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், நான்கூட.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். என் இடது கையை அலமு இறுக்கிப் பிடித்திருக்கிறாள், விட மாட்டேன் என்கிறாள்.

உன் பெண்ணைத் தொட்டுக்கொண்டு, தீட்டோடு எழுதும்
உன் தங்கை,
வேதா